ஆதார் நகல்களைக் குவித்து வைப்பதை நிறுத்துவோம்: தொண்டு அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரத்தில் இயங்கும் ஒரு சிறு தொண்டு அமைப்பில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். சுனாமிக்குப் பிறகு வலை வாங்கிக் கொடுப்பது, பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு என்று தொடங்கிய அமைப்பு அது. ஒக்கி புயல் வந்தபோது, கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகளுக்கு மனு எழுதிக் கொடுப்பதே முழுநேர வேலையாகிவிட்டது. இப்போது மீன்பிடித் தடைக்கால நிவாரணம், விதவை உதவித்தொகை, வளைகுடாவில் சம்பளம் கிடைக்காமல் மாட்டிக்கொண்டவர்களுக்கான மனு, குடியிலிருந்து மீள நினைப்பவர்களுக்கு ஆலோசனை என்று கைக்கு வந்ததையெல்லாம் செய்கிறோம். வேலை பெருகப் பெருக எங்களிடம் வந்து சேரும் மக்களின் விவரங்களும் பெருகுகின்றன. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

2017 நவம்பர் 30க்குப் பிறகான நாட்களை தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி மக்களிடம் கேட்டுப் பாருங்கள். உதவ வந்த ஒவ்வொரு குழுவும் ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், போட்டோ என்று தனித்தனியாக வாங்கிக்கொண்டு போனது. வந்தவர்களில் பெரும்பாலோர் நல்ல மனசோடுதான் வந்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த நகல்கள் இன்று எங்கே இருக்கின்றன? யாருடைய லேப்டாப்பில், எந்தப் பழைய அலமாரியில்? நிவாரணம் வாங்கிக் கொடுத்த குழு கலைந்து போயிருக்கும், அதன் வாட்ஸ்அப் குரூப் மட்டும் இன்னும் இருக்கும், அதில் பல வருடங்களுக்கு முன்பு போட்ட ஆதார் படம் எல்லோருடைய போன் கேலரியிலும் கல்யாணப் படங்களுக்கு நடுவே கிடக்கும்.

கணவரைக் கடலில் இழந்த ஒரு அக்காவுக்கு, பெயர், வங்கிக்கிளை எல்லாம் சரியாகச் சொல்லி, “உங்கள் உதவித்தொகை வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள்” என்று போன் வந்தது. பக்கத்தில் இருந்த மகள் பிடுங்கி வைத்துவிட்டாள், அதனால் பணம் தப்பியது. யாரிடமிருந்து அந்த விவரம் போனது என்று கண்டுபிடிக்கவே முடியாது, அவ்வளவு பேரிடம் இருக்கிறது அது.

“எங்க ஜனத்துக்கு என்ன ரகசியம் இருக்கு, மறைக்க?” என்று எங்கள் கூட்டங்களிலேயே சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். யார் குடிநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார், எந்த வீட்டில் அடி விழுகிறது, எந்தப் பெண் எத்தனை இடத்தில் குழுக்கடன் வாங்கியிருக்கிறாள், எந்தப் பையன் உயிரை விடத் துணிந்து பிறகு பிழைத்தான் என்பதெல்லாம் எங்கள் நோட்டுகளில் இருக்கிறது. ஒரு தேவாலயப் பங்குக்குள் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். இதில் ஒரு வரி வெளியே கசிந்தால் ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு நின்றுபோகும், ஒரு பையனை வள்ளத்தில் ஏற்ற ஆள் யோசிப்பார்கள். பணக்காரர் வக்கீல் வைத்துப் பார்த்துக்கொள்வார், நம் ஆட்களுக்கு அந்த வழியும் கிடையாது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்களே, அது மீன் விற்கும் பெண்ணுக்கும் சேர்த்துத்தான்.

சரி, என்ன செய்யலாம்? மக்களின் அந்தரங்கத்தைக் காப்பதை வியாபாரமாக இல்லாமல் தொண்டாகவே செய்கிற அமைப்புகள் உலகில் இருக்கின்றன, அவற்றில் வாட்ஸ்அப் மாதிரி செய்தி அனுப்பும் சிக்னல் செயலியை நடத்தும் அமைப்பை நான் கவனித்து வருகிறேன். அனுப்புபவர், பெறுபவர் இருவர் போனிலும் மட்டுமே திறக்கும்படி செய்தியைப் பூட்டி அனுப்பும் ஒரு சின்ன மென்பொருளாக 2010ல் ஆரம்பித்தது அது. 2016க்குள் அவர்களுடைய அதே பூட்டு முறையை வாட்ஸ்அப்பே எடுத்துக்கொண்டது. வாட்ஸ்அப்பை உருவாக்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன் ஃபேஸ்புக்கை விட்டு வெளியே வந்து 5 கோடி டாலர் கொடுக்க, 2018ல் சிக்னல் லாப நோக்கமற்ற அறக்கட்டளையாக மாறியது. விளம்பரம் கிடையாது, பயன்படுத்துபவர்கள் தரும் நன்கொடை இன்று ஒரு முக்கிய வரவு. தங்கள் போன் நம்பரைக் காட்டாமலே பேசும் வசதியையும் 2024ல் கொண்டு வந்தார்கள், பதிவு செய்ய மட்டும் இன்னும் நம்பர் வேண்டும்.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது 2016ல் நடந்த ஒரு விஷயம். அமெரிக்காவில் ஒரு விசாரணைக்காக ஒருவரின் கணக்கு விவரங்களைக் கேட்டு நீதிமன்ற ஆணை வந்தது. அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். மற்றது எதையும் அவர்கள் சேர்த்தே வைத்திருக்கவில்லை. நம் அமைப்புகள் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான். எவ்வளவு பெரிய பூட்டு போட்டாலும் உள்ளே இருப்பது ஒருநாள் வெளியே வரலாம். 2022 ஜனவரியில் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கக் குழுவின் சர்வரையே உடைத்தார்கள், போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல் போனவர்கள் என்று 5,15,000க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் வெளியார் கைக்குப் போயின. அவ்வளவு வசதியுள்ள அமைப்புக்கே அந்தக் கதி என்றால், ஒரு பழைய லேப்டாப்பும் கடவுச்சொல் இல்லாத எக்செல் கோப்பும் வைத்திருக்கிற நமக்கு?

ஆகவே முதலில் தேவையில்லாததை வாங்காமல் இருக்கலாம். பள்ளிப் பை கொடுக்க ஆதார் எதற்கு? அடையாளம் பார்த்தே ஆக வேண்டும் என்றால், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையமே தருகிறது, இ-சேவை மையத்திலோ ஜெராக்ஸ் கடையிலோ கேட்டு எடுத்துக்கொள்ளலாம். வீடு வீடாகக் கணக்கெடுப்புக்கு கோபோ டூல்பாக்ஸ் மாதிரி தொண்டு அமைப்புகளுக்கென்றே செய்த மென்பொருள் இருக்கிறது, நெட் கிடைக்காத இடத்திலும் படிவம் நிரப்பி அப்புறம் ஏற்றலாம், நிரப்பிய படிவத்தை நம்மிடம் உள்ள சாவி இல்லாமல் திறக்க முடியாதபடி பூட்டவும் வழி உண்டு. அதை ஒருமுறை அமைத்துக் கொடுக்க ஆள் வேண்டும், உண்மைதான். நம் மாவட்டத்தில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கா பஞ்சம்? நாட்டு நலப்பணித் திட்டத்தில் மரம் நடுவதுபோல இதையும் ஒரு வேலையாகக் கல்லூரிகள் எடுத்துக்கொள்ளட்டும். தொண்டர்கள் தங்களுக்குள் பேச, ஒரு வாரத்தில் தானாக அழியும் செய்திகளைப் போட்டு வைக்கலாம், சிக்னலிலும் வாட்ஸ்அப்பிலும் அந்த வசதி இருக்கிறது.

சட்டமும் வந்துவிட்டது. 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. எதற்காக விவரம் வாங்குகிறோம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், அதைத் தமிழில் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு, வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். அபராதத்துக்குப் பயந்து செய்வதைவிட, நம்மை நம்பி அட்டையை நீட்டுகிற அந்தக் கைகளுக்காகச் செய்தால் இன்னும் ஒழுங்காகச் செய்வோம் என்று நம்புகிறேன்.

மேற்குக் கரையில் ஜூன் 1ல் தடைக்காலம் ஆரம்பித்தால் விண்ணப்பங்கள் குவியும், மறுபடியும் கட்டுக்கட்டாக நகல்கள் வரும். அதற்கு முன்பே மாவட்டத்திலுள்ள தொண்டு அமைப்புகளும் மீனவர் சங்கங்களும் பங்குப் பேரவைகளும் ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து, எதை வாங்குவது, யார் வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்று ஒரு பக்கத்தில் எழுதி, அலுவலக வாசலில் தமிழில் ஒட்டி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பழைய நகல்களை வைத்திருப்பவர்கள் உரியவர்களிடம் திருப்பிக் கொடுங்கள், முடியாவிட்டால் கிழித்து எரித்துவிடுங்கள், தயவுசெய்து பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குளச்சல்.