பைத்தான் பிழை அறிக்கைகளை எங்களோடு உட்கார்ந்து படித்தவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

பைத்தான் என்ற கணினி நிரல் மொழிக்கு உலகம் முழுக்க இருந்து வரும் பிழை அறிக்கைகளையும், "இந்த வசதி வேண்டும்" என்கிற கோரிக்கைகளையும் படித்து, சரிபார்த்து, வகை பிரிக்கிற வேலையில் வடசென்னையிலிருந்து நாங்கள் சிலரும் கை கொடுத்து வருகிறோம். இந்த வேலையை ட்ரையாஜ் என்பார்கள். புது வெர்ஷன் வெளிவரும்போது யார் என்ன கோடு (நிரல் வரிகள்) எழுதினார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்தக் கோடு எழுதப்படுவதற்கு முன்னால் அறிக்கையைப் படித்து, "ஆமாம், எனக்கும் இப்படித்தான் வருகிறது" என்று உறுதி செய்தவர் பெயர் அந்த இஷ்யூவுக்குள்ளேயே, அதாவது அந்த அறிக்கைப் பதிவுக்குள்ளேயே, தங்கிவிடும். அவருக்கு உட்கார இடம் கொடுத்தவர், மெஷின் கொடுத்தவர், இங்கிலீஷைத் திருத்திக் கொடுத்தவர் பெயர் அங்கேயும் இருக்காது. அதனால்தான் பொதுவில் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் ஊரையும் தொழிலையும் வைத்தே அழைக்கிறேன்.

வேலை என்னவென்று தெரியாமல் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்தும் பைத்தான், சிபைத்தான். அதன் இஷ்யூ பட்டியல், பலர் சேர்ந்து கோடு எழுதிப் பராமரிக்கும் இணையதளமான கிட்ஹப்பில் இருக்கிறது. இன்னும் மூடப்படாதவை மட்டுமே ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் எடுத்து முழுசாகப் படிக்க வேண்டும். சொன்னபடி செய்தால் அந்தத் தவறு உண்மையிலேயே வருகிறதா? எந்த வெர்ஷனில், எந்த இயங்குதளத்தில்? இதையே வேறொருவர் முன்பே எழுதியிருக்கிறாரா? தவறு பைத்தானுடையதா, தனியாக இன்ஸ்டால் செய்த ஏதோ ஒரு லைப்ரரியுடையதா? அப்புறம் வகை: பக் (பிழை), வசதிக் கோரிக்கை, கிராஷ். எரர் காட்டி ப்ரோகிராம் நின்றாலே கிராஷ் என்று எழுதிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அங்கே கிராஷ் என்றால் கோடைப் படித்து இயக்கும் பைத்தான் இன்டர்பிரட்டரே விழுந்துவிடுவது. எரர் எந்த வரியில் வந்தது என்று காட்டும் ட்ரேஸ்பேக் ஒழுங்காக வந்தால் அது கிராஷ் இல்லை. பாதுகாப்பு ஓட்டை மாதிரித் தெரிந்தால் பொதுவில் எழுதவே கூடாது, பைத்தானின் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். லேபிள் ஒட்டவும், மற்றவர் போட்ட இஷ்யூவை மூடவும் ட்ரையாஜ் குழுவினருக்கும், பைத்தானில் மாற்றங்களைச் சேர்க்கும் உரிமையுள்ள மைய உருவாக்குநர்களுக்கும்தான் அனுமதி. செய்து பார்த்து, கண்டதை எழுத ஒரு கிட்ஹப் கணக்கு போதும். எங்களில் பெரும்பாலோர் செய்வது இதைத்தான்.

கொருக்குப்பேட்டை ஜெராக்ஸ் கடை அண்ணா, முதல் நன்றி உங்களுக்கு. ஞாயிறு மதியம் வியாபாரம் ஓய்ந்ததும் கடையையும் இன்டர்நெட்டையும் எங்களிடம் விட்டீர்கள். அதைவிடப் பெரிய உதவி உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டர். எங்கள் கையில் இருப்பவை எல்லாம் லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப்கள். விண்டோஸில் மட்டும் வரும் பிழையை அதில் எப்படிச் செய்து பார்ப்பது? உங்கள் மெஷின் இல்லையென்றால் பல அறிக்கைகளைப் படித்துவிட்டுக் கடந்துபோயிருப்போம்.

அந்த மெஷினில் உங்களுக்கே வந்த தொல்லை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் பெயர்ப் பட்டியலைத் தமிழில் ஒரு ஃபைலாக வைத்திருந்தீர்கள். பைத்தானில் திறந்ததும் 8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை என்று எரர். ஃபைல் கெட்டுவிட்டது என்றே நினைத்தீர்கள். ஃபைலில் ஒரு குறையும் இல்லை. எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் குறியாக்க முறைகளில் ஒன்றான யூடிஎஃப்-8 முறையில் நம் புள்ளி மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அதில் கடைசி பைட் 8டி. விண்டோஸில் பைத்தான் இயல்பாக எடுத்துக்கொண்ட 1252 என்ற பழைய குறியாக்கத்தில் 8டி-க்கு எந்த எழுத்தும் கிடையாது. ஆகவே முதல் மெய்யெழுத்து வந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டால் சரியாகிவிடும் என்று காட்டினோம். "சரி, இதைப் பைத்தானே செய்யலாமே?" என்று கேட்டீர்கள். மிகச் சரியான வசதிக் கோரிக்கை அது. பதிலைத் தேடியபோதுதான் ஒரு மொழியை மாற்றுவது எவ்வளவு கவனமான வேலை என்று எங்களுக்கே முழுசாகப் புரிந்தது. பழைய குறியாக்கத்தில் சேமித்த ஃபைல்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. திடீரென்று மாற்றினால் அவர்களுடைய ப்ரோகிராம்கள் நிற்கும். அதனால் விக்டர் ஸ்டின்னர் எழுதிய முன்மொழிவின்படி 2018-இல் வந்த பைத்தான் 3.7-இல், வேண்டுமென்றால் இயக்கிக்கொள்ளும் ஒரு யூடிஎஃப்-8 நிலை வந்தது. 2021-இல் வந்த 3.10-இல், குறியாக்கம் குறிப்பிடாமல் ஃபைலைத் திறக்கும் இடங்களைக் காட்டித்தரும் எச்சரிக்கை வந்தது. பிறகு ஜப்பானைச் சேர்ந்த இனாடா நாவோகி எழுதிய பெப் 686 என்ற முன்மொழிவு ஏற்கப்பட்டு, 3.15-இலிருந்து யூடிஎஃப்-8 தான் இயல்பு என்று முடிவானது. கொருக்குப்பேட்டைக் கடையில் இருக்கும் பெயர்ப் பட்டியலுக்காகவும்தான் அவர்கள் இத்தனை வருஷம் பொறுமையாக உழைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் நம் நன்றி சேரட்டும்.

காசிமேட்டுத் தங்கச்சிக்கு அடுத்து. கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காகப் பெயர் வாங்கும் படிவம் ஒன்று எழுதினாய். எழுத்துகள் மட்டும்தான் இருக்கின்றனவா என்று பார்க்க இஸ்ஆல்ஃபா என்ற மெத்தடைப் போட்டாய். "பல" என்று கொடுத்தால் சரி என்கிறது, "சில" என்று கொடுத்தால் தவறு என்கிறது. நீ அதைக் காட்டியபோது கடையே கொஞ்ச நேரம் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. காரணத்தையும் நீயேதான் தோண்டி எடுத்தாய். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு கணக்கில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் எழுத்து வகையில் சேராது, குறி என்ற வகையில் சேரும். இஸ்ஆல்ஃபா எழுத்து வகையை மட்டும் பார்க்கும் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. ஆக, எழுதிவைத்தபடிதான் நடக்கிறது, பக் என்று சொல்ல முடியாது. உரையில் தேடுவதற்கான ரெகுலர் எக்ஸ்பிரஷனில் சொற்களைப் பிரிக்கப் பயன்படும் பேக்ஸ்லாஷ் டபிள்யூவிலும் இதே சங்கதி. "தமிழ்" என்ற சொல்லை அது "தம", "ழ" என்று இரண்டு துண்டாக்கிவிடும்.

வேறொருவராக இருந்தால் அன்றைக்கே கோபமாக ஒரு புது இஷ்யூ போட்டிருப்பார். நீ முதலில் தேடினாய். 2007-லேயே ஒருவர் தேவநாகரி எழுத்துகளில் சொற்கள் துண்டாகின்றன என்று எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தாய். அதன் பின்னால் வந்த விவாதங்களை எல்லாம் படித்து, அவை எதைப் பற்றியவை, எதில் கருத்து வேறுபாடு என்று எங்களுக்கு விளக்கினாய். ஒரே விஷயத்துக்குப் புதிது புதிதாக இஷ்யூ போட்டால் பேச்சு சிதறும், பழைய இடத்திலேயே சேர்த்தால் வலு கூடும் என்பதை எனக்கு நடத்திக் காட்டியது நீதான். அதுவரைக்கும் வேலை ஆக வேண்டுமே என்று ரெஜெக்ஸ் என்ற தனி மாட்யூலையும், தமிழ் எழுத்துகளை உயிர்மெய்யாகப் பிரித்துத் தரும் ஓபன்-தமிழ் லைப்ரரியையும் கண்டுபிடித்துக் கொடுத்தாய். அவற்றை உருவாக்கிப் பராமரிக்கிறவர்களுக்கும் இந்த வரியில் வணக்கம் வைக்கிறேன்.

பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற ஐயாவுக்கு என்ன எழுதுவது என்று நிறைய யோசித்தேன். பேரனைக் கூட்டிக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தீர்கள். முந்தைய வெர்ஷனில் ஓடிய கோடு அடுத்ததில் ஓடவில்லை என்று ஓர் அறிக்கை. எந்த மாற்றம் அதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு உதவும் கிட் பைசெக்ட் என்ற கருவியைப் பற்றிப் பையன்களுக்கு நான் விளக்கத் திணறிக்கொண்டிருந்தபோது நீங்கள் பேசினீர்கள். "ரயில் பெட்டியில் ஒரு நீளமான லைனில் கரண்ட் வரவில்லை என்றால் முனையிலிருந்தா தேடுவோம்? நடுவில் டெஸ்ட் லேம்ப் வைப்போம். அங்கே எரிந்தால் கோளாறு அந்தப் பக்கம், எரியாவிட்டால் இந்தப் பக்கம். மறுபடி அதில் பாதி." அதேதான் ஐயா. ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பத்துத் தடவை பாதி பாதியாகப் பிரித்தால் ஒன்றில் போய் நிற்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் பைத்தானை மூலத்திலிருந்து கம்பைல் செய்ய வேண்டும், எங்கள் லேப்டாப்களில் அது மெதுவாகத்தான் நடக்கும். அந்த நேரமெல்லாம் உட்கார்ந்து, எந்த மாற்றத்தில் நல்லது, எதில் கெட்டது என்று ஒரு நோட்டில் உங்கள் அழகான கையெழுத்தில் எழுதி வைத்தீர்கள். "இந்த மாற்றத்திலிருந்துதான் இப்படி" என்று ஒரே வரியில் எங்களால் எழுத முடிந்தது அந்த நோட்டால்தான். கோடு எழுதுகிறவருக்கு அந்த ஒரு வரி கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வண்ணாரப்பேட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தும் அம்மா, எங்கள் இங்கிலீஷை நீங்கள் திருத்தினீர்கள் என்று மட்டும் சொன்னால் போதாது. என்ன செய்தேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொன்னீர்கள். "மிகவும் மோசமான பிழை", "அவசரம்" மாதிரி வார்த்தைகளை அடித்தீர்கள். இருநூறு வரிக் கோடை அப்படியே ஒட்டியிருந்தால், பிழை வர எத்தனை வரி வேண்டுமோ அத்தனையாகக் குறைக்கச் சொன்னீர்கள். பைத்தான் தெரியாத நீங்கள் சொன்ன இந்த மூன்றும்தான் அனுபவசாலிகள் ஒவ்வொரு புது ஆளிடமும் கேட்பவை.

திருவொற்றியூர்க் கணக்கு டீச்சர் தேரடியில் மெட்ரோ ஏறி, தண்டையார்பேட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வருவார். ரயில்வே கேட் போட்டிருந்தால் அது வேறு காத்திருப்பு. டீச்சர், 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது, இது பைத்தானின் பிழை என்று யாராவது எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். 2.5-ஐ முழு எண்ணுக்கு ரவுண்ட் செய்தால் 2, 3.5-ஐ ரவுண்ட் செய்தால் 4 வருவதையும் அப்படியே. இரண்டும் பிழை இல்லை. பிழை இல்லை என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம்தான். 0.1-ஐ இரண்டடிமான எண்ணில் முடிவாக எழுத முடியாது, பத்தடிமானத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுத முடியாதது போலவே என்று நீங்கள் எழுதிக் கொடுத்தீர்கள். பாதியை எப்போதும் மேலே தள்ளினால் நீண்ட கூட்டலில் தொகை மேல்பக்கம் சாய்ந்துவிடும், அதனால் இரட்டைப்படை எண்ணின் பக்கம் கொண்டுபோகிறார்கள் என்றும் எழுதினீர்கள். பைசா கணக்கு தவறக்கூடாது என்றால் டெசிமல் மாட்யூல் இருக்கிறது என்று சேர்த்தீர்கள். கேட்டவர் புரிந்துகொண்டு போக வேண்டும் என்ற அக்கறை ஒவ்வொரு வரியிலும் இருந்தது. மறுப்புச் சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துக் கொடுப்பதுதான் இந்த வேலையிலேயே உயர்ந்த பகுதி என்று நான் நினைக்கிறேன்.

மணலியில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்த தம்பிக்கும், எண்ணூரிலிருந்து தன் லேப்டாப்பையே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகும் நண்பருக்கும், எதிர்க்கடை டீ மாஸ்டருக்கும் நன்றி.

முகம் பார்க்காதவர்களுக்கும் கடன் இருக்கிறது. 2022 ஏப்ரலில் பைத்தானின் பழைய இஷ்யூக்கள் அத்தனையும், பழைய எண்ணும் பேச்சும் தொலையாமல், கிட்ஹப்புக்கு மாற்றப்பட்டன. எஸியோ மெலோட்டி முன்னின்று நடத்திய வேலை அது. அது நடந்திராவிட்டால் 2007-ஆம் ஆண்டுப் பதிவைக் காசிமேட்டுத் தங்கச்சி இவ்வளவு சுலபமாகக் கண்டுபிடித்திருக்க மாட்டாள். நாங்கள் எழுதிய ஒரு வசதிக் கோரிக்கைக்கு ஒரு மைய உருவாக்குநர் முடியாது என்று பதில் எழுதினார். இப்போதுள்ள கோடுகளில் எவை உடையும், புது வசதிகள் ஏன் அடுத்த வெர்ஷனுக்கான மெயின் பிராஞ்சுக்கு மட்டும் போகின்றன, மே மாதத்தில் முதல் பீட்டா (சோதனை வெளியீடு) வந்த பிறகு ஏன் அந்த வருஷத்து வெர்ஷனில் புதிதாக எதுவும் சேராது என்று பொறுமையாக விளக்கியிருந்தார். பலர் தங்கள் சொந்த நேரத்தில் செய்கிற வேலை இது. அவர் எழுதியதைத் தமிழில் சொல்லி எல்லோருக்கும் படித்துக் காட்டினோம்.

இப்போது பென்டிங் லேபிளோடு சில இஷ்யூக்கள் எங்கள் முன்னால் இருக்கின்றன. எழுதியவர் பதில் தராவிட்டால் மூடிவிடுவார்கள். மூடுவதற்கு முன்னால் நாமே ஒருமுறை செய்து பார்த்துவிடலாம் என்று நினைக்கிறோம். அவற்றில் சில மேக்கில் மட்டும் வருபவை. எங்களிடம் மேக் இல்லை. ராயபுரம், வியாசர்பாடி, கொளத்தூர் பக்கம் யாரிடமாவது இருந்தால் ஞாயிறு மதியம் கொருக்குப்பேட்டைக்குக் கொண்டு வாருங்கள். பைத்தான் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை.

நன்றியுடன்,
கொருக்குப்பேட்டை ஞாயிறு மதியக் குழுவின் சார்பில்