சூடான எஞ்சின் எடுக்க மறுப்பது பற்றி நண்பருக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மகளின் திருமணம் வைகாசியில் உறுதியானது அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மாப்பிள்ளை அழைப்புக்கு உங்கள் பழைய அம்பாசிடர்தான் வரவேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருக்கிறாள், ஆனால் மண்டப வாசலில் கால் மணி நேரம் நின்ற பிறகு வண்டி எடுக்காமல் மானத்தை வாங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மற்ற சேதிகளை நேரில் பேசிக்கொள்ளலாம். இந்தக் கடிதத்தை வண்டிக்கே ஒதுக்குகிறேன்.

நீங்கள் எழுதிய விவரங்களிலேயே பாதி விடை இருக்கிறது. காலையில் சாவியைத் திருப்பியதும் எடுக்கிறது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நிறுத்திய கையோடு மறுபடி திருப்பினாலும் எடுக்கிறது. ஆனால் பதினைந்து, இருபது நிமிடம் கழித்து வந்தால் செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றியும் எஞ்சின் பிடிப்பதில்லை. ஒரு மணி நேரம் ஆறிய பிறகு, கரும்புகையை ஒருமுறை கக்கிவிட்டு எடுத்துவிடுகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றும் வண்டிக்குப் புது பேட்டரி போடச் சொன்ன மெக்கானிக்கை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் செலவு தேவையில்லாதது. சூட்டில் செல்ஃப் முக்கி முனகி மெதுவாகச் சுற்றினால்தான் பேட்டரி, கேபிள், எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் பட்டை ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

வண்டி ஓடும்போது ஃபேன் காற்றும், ரேடியேட்டர் தண்ணீரும், தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் புதுப் பெட்ரோலும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரை ஓரளவு குளிர்ச்சியாக வைத்திருக்கின்றன. நிறுத்தியவுடன் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுபோகின்றன, ஆனால் எஞ்சினின் இரும்பு பிளாக்கிலும், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மெனிபோல்டிலும் தேங்கிய சூடு எங்கும் போகாமல் மேலே ஏறுகிறது. உங்கள் வண்டியில் இருக்கும் 1489 சிசி எஞ்சினில் கலவை உள்ளே போகும் இன்டேக், புகை வெளியே வரும் எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால், கார்புரேட்டர் கொதிக்கும் எக்ஸாஸ்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது. அதனால் எஞ்சின் நின்ற பிறகுதான் கார்புரேட்டரின் சூடு உச்சத்தைத் தொடுகிறது. பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அதில் இலேசானவை 40 டிகிரிக்குள்ளேயே ஆவியாகத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் பானெட்டுக்குள் என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

இதில் எதிரெதிரான இரண்டு கோளாறுகள் வரலாம். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் கொதித்து, மெயின் ஜெட் என்ற சிறு துளை வழியாகப் பொங்கி, இன்டேக்குக்குள் வழிந்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் அளவுக்கு மிஞ்சிவிடும். பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டால், நம் ஊர் மெக்கானிக்குகள் ஏர் லாக் என்று சொல்வது அதைத்தான், பெட்ரோலே வந்து சேராது. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றைக் கெடுக்கும். இன்னும் ஒரு சங்கடம், முதல் பத்து நிமிடம் வழிந்து மிஞ்சிய அதே வண்டி, சேம்பர் முழுவதும் காலியான பிறகு பெட்ரோல் இல்லாமல் தவிப்பதும் உண்டு. ஆகவே எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன்பு, எடுக்க மறுக்கும் அந்த நேரத்திலேயே உள்ளே பார்த்துவிட வேண்டும் என்பதுதான் நான் உங்களுக்கு வற்புறுத்திச் சொல்ல விரும்புவது.

பார்ப்பது எளிது. அருகில் பீடி, சிகரெட் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, சாவியை அணைத்துவிட்டு, ஏர் கிளீனரைக் கழற்றி, டார்ச் அடித்துக் கார்புரேட்டரின் தொண்டைக்குள் பாருங்கள். கீழே உள்ள தகடு ஈரமாகப் பளபளத்து, நடுக்குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாக விழுந்து, தார்ச் சாலையின் கானல்போல ஆவி நெளிந்து மேலே வந்தால் அது பொங்கி வழிந்த கேஸ். தொண்டை காய்ந்திருந்தால், ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஊசிபோல மெல்லிய பெட்ரோல் கோடு பீச்சினால் சேம்பரில் பெட்ரோல் இருக்கிறது, பீச்சவில்லை என்றால் சேம்பர் காலி. கரும்புகை பற்றி நீங்கள் எழுதியிருப்பதால், உங்கள் வண்டியில் முதல் வகைதான் இருக்கும் என்பது என் கணிப்பு. ஆனாலும் கண்ணால் பார்க்காமல் நம்பாதீர்கள்.

வழிந்திருந்தால் அந்த நேரத்துக்கான வழி இது. காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைத் தொடவே கூடாது. ஆக்சிலரேட்டரை மெதுவாகத் தரைவரை அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். காற்று நிறைய உள்ளே போய் மிஞ்சிய பெட்ரோலை வெளியேற்றும், எஞ்சின் பிடித்ததும் காலை மெல்ல எடுத்துவிடலாம். பதற்றத்தில் பெடலைத் திரும்பத் திரும்ப மிதிப்பது நம் எல்லோருக்கும் இயல்பு, ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பீச்சு பெட்ரோல் கூடுதலாக உள்ளே போகும். காய்ந்திருந்தால், பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றி ஆறவிட்டு, பம்பின் பக்கவாட்டில் உள்ள சிறு கைநெம்புகோலால் பெட்ரோலை ஏற்றுங்கள். நெம்புகோல் தளர்ந்து ஆடினால், எஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி முயல வேண்டும்.

இனி நிரந்தர வைத்தியம். சேம்பருக்குள் பெட்ரோல் மட்டம் உயர்ந்திருந்தால், கொதிக்கும் முன்பே பாதி வழிந்துவிடும். மேல்மூடியைக் கழற்றி, பெட்ரோலில் மிதக்கும் ஃப்ளோட்டையும், அது உயரும்போது பெட்ரோல் வரவை அடைக்கும் நீடில் வால்வையும் பாருங்கள். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கினால் உள்ளே சலசலப்புக் கேட்கக் கூடாது. கேட்டால் அது ஓட்டையாகிப் பெட்ரோல் குடித்துக் கனத்திருக்கிறது என்று பொருள். அடுப்பை அணைத்துவிட்டு, வேறு இடத்துக்கு எடுத்துச் சென்ற சுடுநீரில் அதை அமிழ்த்துங்கள், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். நீடில் வால்வின் முனையில் வட்டமாகத் தேய்ந்த கோடு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். உங்கள் சோலெக்ஸ் கார்புரேட்டரில் வால்வுக்கு அடியில் இருக்கும் வாஷரின் தடிமனைக் கொண்டுதான் மட்டம் அமைகிறது. தடித்த வாஷர் மட்டத்தைக் குறைக்கும், மெல்லியது உயர்த்தும். பலர் ஓவர்ஹாலில் பழைய வாஷரைத் தொலைத்துவிட்டு, கையில் கிடைத்ததைப் போட்டுவிடுவார்கள்.

அதேபோல் ஓவர்ஹாலில் காணாமல் போவது, கார்புரேட்டருக்கும் மெனிபோல்டுக்கும் நடுவில் இருக்கவேண்டிய தடித்த பேக்கலைட் அட்டை. அது சூட்டைத் தடுக்கும் ஒரே சுவர். அந்த இடத்தில் வெறும் காகித கேஸ்கெட் மட்டும் இருந்தால், உங்கள் தொல்லைக்கு அதுவே போதுமான காரணம். அதைப் போடும்போது ஸ்டட் நீளம் போதுமா, ஏர் கிளீனர் பானெட்டில் இடிக்கிறதா என்று பாருங்கள். நட்டுகளை மிகையாக இறுக்கினால் கார்புரேட்டரின் அடிப்பகுதி வளைந்து காற்றுக் கசியும். இடையில் ஓர் அலுமினியத் தகட்டையும் வெட்டி வைத்தால் நல்லது. பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்டை உரசிப் போகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

எலெக்ட்ரிக் பம்பு போட்டுவிடலாம் என்று மெக்கானிக் சொன்னதை இப்போதைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏர் லாக்குக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் அழுத்தம் சற்றுக் கூடினாலும் நீடில் வால்வை அது மீறித் தள்ளிவிடும், அப்போது வழிவது இன்னும் மோசமாகும். நோய் எது என்று தெரியாமல் இந்த மருந்தைக் கொடுக்க வேண்டாம்.

இப்போதைய பெட்ரோலையும் மறந்துவிட முடியாது. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, இப்போது பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் அதுதான் கிடைக்கிறது. எத்தனாலின் கொதிநிலை 78 டிகிரிதான். பெட்ரோலோடு சேர்ந்தால், இரண்டும் தனித்தனியாகக் கொதிப்பதைவிடக் கீழான சூட்டிலேயே ஒன்றாக ஆவியாகின்றன. அந்தக் காலத்து ரப்பரையும் அது உப்பவைத்து அரிக்கும் என்பதால், பம்புக்குள் இருக்கும் சவ்வான டயாஃப்ரம், ரப்பர் குழாய் இரண்டையும் புதிய எரிபொருளைத் தாங்கும் ரகத்தில் மாற்றிவிடுவது நல்லது.

பிளக்கில் பொறி வரக் காரணமான காயில், கண்டன்சர் இரண்டும் சூட்டில் சோர்ந்து போவது உண்டு. ஆனால் அவை கெட்டால் பெரும்பாலும் ஓடும்போதே வண்டி உதறும், நிறுத்திய உடனே திருப்பினாலும் எடுக்காது. ஆகவே உங்கள் வண்டியில் அவை கடைசிச் சந்தேகம்தான். இருந்தாலும் ஒரு பிளக்கைக் கழற்றி, கார்புரேட்டரிலிருந்து தள்ளி வைத்து எர்த் கொடுத்து, பொறி நீலமாகத் தடித்துப் பாய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்டின் இடைவெளி 0.015 அங்குலம் இருக்கட்டும்.

பேக்கலைட் அட்டை ஒன்று என் பழைய பெட்டியில் இருக்கிறது. அளவு சரியாக இருக்கும் என்றே நினைக்கிறேன், இந்தக் கடிதத்தோடு கூரியரில் அனுப்புகிறேன். அதைப் போடுவதற்கு முன்பு, எடுக்க மறுத்த நேரத்தில் தொண்டை ஈரமாக இருந்ததா, காய்ந்திருந்ததா, பிளக்குகளின் நிறம் என்ன என்ற இந்த இரண்டையும் மட்டும் எழுதி அனுப்புங்கள். திருமணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுகிறேன். தேவைப்பட்டால் ஃப்ளோட் மட்டத்தை நாம் இருவருமே உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு நண்பன்