அந்த லொகேஷனை எடுத்துவிடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ போட்ட வீடியோவைப் பற்றி சித்திதான் போனில் முதலில் சொன்னார். அப்புறம் நம் ஊர்ப் பையன்களே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தார்கள். நன்றாக எடுத்திருக்கிறாய். பனி விலகி எதிர்ச் சரிவு தெரியும் இடத்தில் அம்மா நிறுத்தச் சொல்லி மறுபடி பார்த்தார். ஆனால் வீடியோவுக்குக் கீழே ஓடையின் பெயரை எழுதி, வண்டியை எங்கே நிறுத்த வேண்டும், எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று வழியும் சொல்லி, மேப்பில் புள்ளியும் வைத்துவிட்டாய். அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. உன்னிடம் மட்டும் போனில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் உன்னைப் போலவே மலை மேல் ஆசை வைத்து வந்து, படம் எடுத்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். கொடைக்கானலைத் தாண்டி இருக்கும் மேல்மலையில் ஒரு ஊர் என்பது போதும், ஊர்ப் பெயரையும் ஓடையின் பெயரையும் நான் இதில் எழுதப் போவதில்லை.

நீ காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே, அந்தப் பாறைக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்னத் தடுப்பு இருக்கிறது. புதர் மூடியிருப்பதால் உன் கண்ணில் பட்டிருக்காது. அங்கிருந்துதான் குழாய் போட்டு ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவருகிறோம். மோட்டார் கிடையாது, மேட்டிலிருந்து தானாக இறங்கி வருகிற தண்ணீர். அதைத்தான் குடிக்கிறோம், அதில்தான் சமைக்கிறோம். உன் வீடியோ வந்த பிறகு வந்த கோடை விடுமுறையில் அந்தப் பாறையில் சோப்புப் போட்டுக் குளித்தார்கள், பிள்ளைகளுக்கு டயப்பர் மாற்றினார்கள். தொட்டியில் நுரை வந்தது என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னபோது முதலில் நான் நம்பவில்லை. போய்ப் பார்த்தோம். தடுப்பில் ஷாம்பு பாக்கெட்டுகள் அடைத்துக் கிடந்தன. ஊர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்துப் போட்டார்கள். மறுவாரமும் அதே கதைதான்.

அங்கே வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, தம்பி. அது குடிதண்ணீர் என்று அவர்களுக்குத் தெரியாது. "யாருக்கும் தெரியாத இடம்" என்று நீ சொன்னதை நம்பி வந்தார்கள். யாருக்கும் தெரியாத இடத்தில் யாரைக் கேட்பது, எதற்குத் தயங்குவது? நீ அப்படிச் சொல்லும்போது நாங்கள் அங்கே இருப்பதே விட்டுப்போகிறது. என் மனதில் தைத்தது அந்த வரிதான். தாத்தா காலத்திலிருந்து மாடு ஓட்டிப் போன வழி அது. எங்களைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருந்தால், அந்த ஓடையைக் காட்டாதே, வேறு இடம் காட்டுகிறோம் என்று சொல்லியிருப்போம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விறகு பொறுக்கப் போகிற பெண்கள் திரும்பும் வழியில் சுமையை இறக்கி வைத்து உட்கார்ந்து பேசுகிற இடம் அது. வீட்டில் பேச முடியாததை எல்லாம் அங்கேதான் பேசுவோம். நீ சின்ன வயதில் இங்கே வரும்போது எங்களோடு வந்து உட்கார்ந்திருக்கிறாய். இப்போது வெள்ளி, சனி, ஞாயிறு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. பாட்டிலோடு கூட்டமாக உட்கார்ந்திருக்கும் இளைஞர்களைத் தாண்டித் தலையில் சுமையோடு நடந்து போவது எந்தப் பெண்ணுக்கும் பிடிக்காது. அவர்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் போனைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள். விறகுக் கட்டோடு நடக்கும் பெண் அவர்களுக்கு ஒரு காட்சி. அந்த இடம் எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. பஞ்சாயத்தில் இதை மனுவாக எழுதிக் கொடுக்கவும் முடியாது. என்ன என்று எழுதுவது?

பாட்டில் என்றதும் நினைவுக்கு வருகிறது. மலைப் பகுதிகளில் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் பணத்தைக் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. 2022-ல் நீலகிரியில் தொடங்கியது. நல்ல திட்டம்தான், கடைக்குப் பக்கத்தில் குடிக்கிறவர்கள் திருப்பிக் கொடுக்கிறார்கள். புல்வெளிக்கு எடுத்து வந்து குடித்துவிட்டுப் பாறையில் அடித்து உடைக்கிறவனுக்குப் பத்து ரூபாய் ஒரு பொருட்டா? உடைந்த கண்ணாடி புல்லுக்குள் போய்விட்டால் கண்ணுக்குத் தெரியாது. மாட்டின் குளம்பில் ஏறிய பிறகுதான் தெரியும். காட்டுமாட்டுக்கு ஏறினால் அதுவும் தெரியாது.

அடுத்தது சாலை. மேல்மலைக்கு ஒரே சாலைதான், நீ ஓட்டி வந்திருக்கிறாய். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று இத்தனை ஊர்களின் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் அந்த வழியாகத்தான் இறங்க வேண்டும். பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கும், காய்கறி ஒட்டன்சத்திரத்துக்கும் மதுரைக்கும் போகும். லாரி குறித்த நேரத்தில் போய்ச் சேராவிட்டால் அன்றைய விலை போச்சு. வளைவில் எதிரெதிராக இரண்டு வேன் நின்றுவிட்டால் பின்னால் எல்லாம் நிற்கும். அதையும் தாண்டிக் கொடைக்கானலுக்குள் வந்தால் ஏரிச் சுற்றில் நெரிசல், அப்புறம் பெருமாள்மலையில் நெரிசல். வத்தலக்குண்டு வழியாக வருகிறவர்களும் பழனி வழியாக வருகிறவர்களும் அங்கேதான் சேருகிறார்கள். பிரசவ வலியோடு வண்டியில் படுத்திருக்கும் பெண்ணுக்கு இந்தத் தூரம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பார். கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் முடியாது என்றால் கீழே தேனிக்கோ திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ அனுப்புவார்கள். மே மாதத்தில் இங்கே யாருக்கும் எதுவும் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்ளாத வீடு இல்லை.

இதற்குத்தான் மலைக்கு வரும் வண்டிகள் முன்கூட்டியே பதிந்து வாங்கும் இ-பாஸ் வந்துவிட்டதே என்று கேட்பாய். வந்தது நல்லதுதான், நான் அதன் பக்கம்தான் நிற்கிறேன். சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. அந்த வருடம் விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் கிடைத்தது, கணக்கெடுப்பதுதான் நோக்கம். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வரம்பும் வைத்தார்கள். கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. ஊட்டிக்கு 6,000, 8,000. மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று பார்க்கச் சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் ஆய்வையும் ஒப்படைத்தார்கள். இதெல்லாம் தேவையானது. ஆனால் இந்தக் கணக்கு மலைக்குள் நுழையும் வாசலோடு முடிந்துவிடுகிறது. உள்ளே வந்த வண்டி எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. முன்பு வந்தவர்கள் ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை என்று சுற்றிவிட்டு இறங்கிவிடுவார்கள். அங்கே நிறுத்த இடம் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, குப்பை அள்ள ஆள் இருக்கிறது. இப்போது அந்தக் கூட்டத்தில் சிக்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள் எல்லோரும் போனைத் திறந்து "கூட்டம் இல்லாத இடம்" தேடுகிறார்கள். 4,000 வண்டியில் ஐம்பது வண்டி நம் ஊருக்குத் திரும்பினாலே போதும், நம் சாலை அடைத்துவிடும். ஐம்பது வண்டியையும் திருப்பி விடுவது நீ வைத்த அந்தப் புள்ளிதான்.

சரி, வருமானம்? அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நம் பெரியப்பா மகன் ஜீப் ஓட்டுகிறான் என்பது உனக்குத் தெரியும். சீசனில் பார்ட்டி கிடைத்தால்தான் அவன் வீட்டில் பள்ளிக் கட்டணம் கட்ட முடியும். ஊரில் இரண்டு வீடுகளில் அறை வாடகைக்கு விடுகிறார்கள், சாப்பாடும் போடுகிறார்கள். பூண்டு விலை விழுந்த வருடத்தில் அந்தப் பணம்தான் தாங்கியது. நம் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தும், விளைவிக்கிறவன் கைக்கு வரும் விலை நிலையாக இல்லை. நீலகிரியில் 2025 ஏப்ரலில் இ-பாஸ் வரம்பை எதிர்த்துக் கடையடைப்பே நடந்தது. அவர்கள் பயமும் நியாயமானதுதான். பயணிகளே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் ஊரில் ஒரு சிலர் இருக்கிறார்கள், நான் அவர்களோடு இல்லை. ஆனால் ஓடைக்கு வருகிறவர்களால் ஊருக்கு என்ன வருகிறது என்று பார். வத்தலக்குண்டிலேயே பிரியாணி வாங்கிக்கொண்டு, சொந்த வண்டியில் ஏறி, பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, இலையையும் டப்பாவையும் விட்டுவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிறார்கள். ஜீப் ஓட்டுகிறவனுக்கும் இல்லை, அறை விடுகிறவர்களுக்கும் இல்லை, டீக்கடைக்கும் இல்லை. தங்கி, பேசி, சாப்பிட்டுப் போகிறவர்களை ஊர் தேடுகிறது. அவர்களைக் கூட்டிக்கொண்டு வா, நானே சமைத்துப் போடுகிறேன்.

மலையைக் கெடுத்தது டூரிஸ்ட் மட்டும்தான் என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். பழனி மலையின் புல்வெளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் இல்லாமல் போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பைன், யூகலிப்டஸ், சீகை என்கிற வாட்டில் என்று வெளிநாட்டு மரங்களை நட்டதும் அவை தாமே பரவியதும் அதற்கு ஒரு காரணம். நாம் விவசாயத்துக்கு எடுத்ததும் ஒரு காரணம். அதனால்தான் மிச்சமிருக்கும் புல்லின் மேல் எனக்கு இத்தனை அக்கறை. மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து, மழை நின்ற மாதங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுவது அந்தப் புல்லும் சோலையும்தான். நம் ஓடைகளில் பல கீழே போய் அமராவதியில் சேருகின்றன. மேலே புல்வெளியில் ஜீப்பை ஏற்றி வட்டம் அடித்து வீடியோ எடுக்கிறார்களே, அந்த டயர் தடத்தில் மண் இறுகி மறுமழைக்கு வாய்க்காலாகிவிடுகிறது. ஒரு வாரத்தில் மறைந்துவிடும் தடம் இல்லை அது.

தீயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2024 ஏப்ரல் கடைசியில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்துக் காடுகள் நாள்கணக்கில் எரிந்தன. இரவில் சரிவு முழுக்கச் சிவப்பாகத் தெரிந்தது, புகையில் பிள்ளைகள் இருமிக்கொண்டே கிடந்தார்கள். யார் வைத்த தீ என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மார்ச், ஏப்ரலில் இந்தப் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்பது மலைக்காரனுக்குத்தான் தெரியும். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேற வந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் தீயில் சிக்கி இறந்துபோனார்களே, அது நம் பக்கத்து மலைதான். அவர்களை மீட்கக் கீழிருந்து முதலில் ஓடியவர்களில் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். உன் ஓடைக்குப் பக்கத்தில் கல் கூட்டி அடுப்பு வைத்த சாம்பலைப் பார்த்தபோது என் வயிறு கலங்கிவிட்டது. அங்கிருந்து தீ கிளம்பினால் ஏறி ஓடவும் வழியில்லை, இறங்கி ஓடவும் வழியில்லை.

2030-ஐ நினைத்தால் இப்போதே கவலையாக இருக்கிறது. 2018-ல் குறிஞ்சி பூத்தது, அடுத்தது 2030. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் செடி பூத்து, காய்த்து, விதையை உதிர்த்துவிட்டு மடிந்துபோகும். அந்த விதையிலிருந்து முளைப்பதுதான் அடுத்த பன்னிரண்டு வருடத்துக்கு. ஆகவே பூக்கும் அந்தச் சில மாதங்களில் செடியை மிதித்தால் இழப்பு ஒரு பூவோடு போவதில்லை. 2018-ல் இத்தனை பேர் கையில் இப்படி வீடியோ போடும் பழக்கம் இல்லை. 2030-ல் எந்தச் சரிவில் பூத்திருக்கிறது என்று ஒருவர் காலையில் போட்டால் சாயங்காலத்துக்குள் அங்கே கூட்டம் நிற்கும். அதற்குள் இதைப் பற்றி நமக்குள் ஒரு பழக்கம் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உன்னை இத்தனை பேர் பின்தொடர்கிறார்கள், நீ சொன்னால் கேட்பார்கள்.

வீடியோவை அழிக்கச் சொல்லவில்லை. அந்தப் புள்ளியையும், வழி சொல்லும் வரிகளையும், ஓடையின் பெயரையும் எடுத்துவிடு. "மேல்மலை" என்று மட்டும் இருக்கட்டும். கேட்கிறவர்களுக்குப் பூம்பாறையைச் சொல். குழந்தை வேலப்பர் கோயிலுக்கு வருகிறவர்களை அந்த ஊர் காலங்காலமாகப் பார்த்திருக்கிறது. மன்னவனூர் ஏரியைச் சொல். அங்கே வனத்துறை சீட்டுக் கொடுத்து உள்ளே விடுகிறது, பரிசல் ஓட்ட ஆள் இருக்கிறது, ஊர்க்காரர்களுக்கும் வேலை கிடைக்கிறது. முடிந்தால் ஒரு சின்ன வீடியோ போட்டு, முன்பு சொன்ன இடம் ஒரு ஊரின் குடிதண்ணீர், அங்கே போகாதீர்கள் என்று நீயே சொல்லிவிடு. நாங்கள் பலகை எழுதி வைத்தோம், அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கிப் போகிறார்கள். நீ சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

அடுத்த முறை வரும்போது காரை வத்தலக்குண்டில் சித்தப்பா வீட்டிலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வா. அரசுப் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இ-பாஸும் தேவையில்லை. கொடைக்கானலில் இறங்கி மேல்மலைப் பஸ் பிடித்தால் ஊர் வாசலில் இறங்கலாம். கிளம்புவதற்கு முந்தின நாள் போன் செய். புதுப் பூண்டு எடுத்து வைக்கச் சொல்லி அம்மாவிடம் சொல்கிறேன், சித்திக்கும் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

அன்புடன்,
அக்கா