அண்ணனின் வீட்டைக் காத்துத் தந்தவர்களுக்கு

அன்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

அண்ணன் நேற்று மாலை மருத்துவமனையிலிருந்து தம்முடைய வீட்டுக்கே திரும்பிவிட்டார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடந்த மாதங்களில் நடந்தவற்றை உங்களில் பெரும்பாலோர் அருகிலிருந்தே பார்த்தீர்கள். அவற்றை மறுபடி எழுதும் திடம் எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் நன்றியைத் தள்ளிப்போட மனம் ஒப்பவில்லை.

முதல் நன்றி அண்ணன் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரான அம்மாவுக்கு. தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "நான் என்ன செய்துவிட்டேன், பூட்டிக் கிடந்த வீட்டை அப்படியே விட்டுவைத்தேன்" என்றும் சொன்னார். அம்மா, நீங்கள் அப்படி விட்டுவைத்ததால்தான் அண்ணன் இன்று ஒரு கூரையின் கீழ் இருக்கிறார். அதனால் இந்த மடலின் பெரும்பகுதி உங்களுக்கே உரியது.

மனச்சிதைவு நோயோடு வாழும் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் வெளியே என்ன நடக்கும் என்பது எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு நன்றாகத் தெரியும். சம்பளம் நிற்கும், வாடகை பாக்கி விழும், நோயைப் பற்றி அக்கம்பக்கத்தில் பேச்சு பரவும். அவருடைய சாமான்கள் மூட்டையாகக் கட்டப்பட்டு, அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார். சிகிச்சை முடிந்து தெளிந்த மனத்தோடு வெளியே வருகிறவருக்குப் போக இடம் இருக்காது. அண்ணன் முன்பொரு முறை வீதிக்கு வந்தது இந்த வழியாகத்தான். நோய் முற்றியதால் வீட்டை இழந்தார் என்று ஊர் சொன்னது. வீட்டை இழந்த பிறகுதான் நோய் முற்றியது என்பதை நாங்கள் கண்ணால் கண்டோம். இரவில் உறக்கமில்லாமல், யார் எப்போது விரட்டுவார்களோ என்ற அச்சத்திலேயே கிடந்தால், நோயே இல்லாதவருக்கும் மனம் கலங்கிவிடும்.

இம்முறை அப்படி நடக்கவில்லை, அம்மா. வீடு காலியாகிறதா என்று கேட்டு வந்தவர்களிடமெல்லாம் "அங்கே ஆள் இருக்கிறார்" என்று மட்டும் சொல்லி அனுப்பினீர்கள். வாடகைக்குப் பொறுத்திருந்தீர்கள். வாரம் ஒருமுறை சன்னல்களைத் திறந்து காற்றாட விட்டீர்கள். அண்ணன் பெயருக்கு வந்த கடிதங்களை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருந்தீர்கள். உதவித்தொகையைப் புதுப்பிக்கச் சொல்லும் கடிதமும் அந்தக் கட்டில்தான் இருந்தது. முகவரி இல்லாதவருக்கு அப்படியொரு கடிதம் வந்து சேர்வதே இல்லை என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள்?

இவை எல்லாவற்றையும்விட என் நெஞ்சில் நிற்பது சாவிதான். அண்ணனைச் சேர்த்த மறுநாள் அதைத் திருப்பித் தர உங்களிடம் வந்தேன். நீங்கள் வாங்கவில்லை. "என்னிடம் ஏன் தருகிறாய்? அவர் வீட்டுச் சாவி அவரிடம் இருக்கட்டும்" என்றீர்கள். நோயாளிகள் அப்படிப்பட்ட பொருள்களைக் கையில் வைத்திருக்க அந்த வார்டில் அனுமதியில்லை. ஆனால் அங்கிருந்த செவிலியர் ஒருவர் சாவியை உறையில் இட்டு, மேலே அண்ணனின் பெயரை எழுதித் தம் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். அண்ணன் கேட்டபோதெல்லாம் எடுத்துக் காட்டவும் செய்தார். மருந்து வேண்டாம் என்று அண்ணன் முரண்டுபிடித்த நாள்களில்கூட, வீட்டுக்குப் போவதைப் பற்றிப் பேச்செடுத்தால் காதுகொடுத்துக் கேட்டார். திரும்பிப் போக ஓர் இடம் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நோய் குணமாகட்டும், மருந்தை ஒழுங்காகச் சாப்பிடட்டும், அதற்குப் பிறகு வீட்டைப் பற்றிப் பார்க்கலாம் என்பதுதான் எங்களுக்குப் பலரும் சொன்ன அறிவுரை. அண்ணன் எடுத்துக்கொள்ளும் க்ளோசபின் மருந்துக்குத் தவறாமல் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்; இரண்டு நாள்களுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடரக் கூடாது, குறைந்த அளவில் தொடங்கி மறுபடி படிப்படியாக ஏற்ற வேண்டும். வீடே இல்லாதவரால் இந்த ஒழுங்கை எப்படிக் காக்க முடியும்? இந்த நோய்க்கான மருந்துகள் பலவும் ஆழ்ந்த தூக்கத்தைத் தருபவை. வீதியில் ஆழ்ந்து தூங்குகிறவரின் பையும் செருப்பும் விடியும்போது இருக்காது என்பதால், அங்கே வாழ்கிறவர்கள் இரவு மாத்திரையை வேண்டுமென்றே தவிர்ப்பதுண்டு. அவர்களைப் பார்த்து "மருந்து சாப்பிட மறுக்கிறார்" என்று குறிப்பெழுதுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இந்த வரிசையையே மாற்றினார். சிகிச்சையை நிபந்தனையாக்காமல் முதலில் வீடு, பிறகு அவரவர் விருப்பத்துக்கேற்ற சிகிச்சை என்பது அவர் வகுத்த முறை. கனடா 2009 முதல் ஐந்து நகரங்களில், மனநோயோடு வீடின்றி வாழ்ந்த சுமார் 2,000 பேரிடம் இதைச் சோதித்துப் பார்த்தது. ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில், இம்முறையில் வீடு பெற்றவர்களில் 62 விழுக்காட்டினர் முழுக் காலமும் வீட்டில் நிலைத்திருந்தனர். வழக்கமான சேவைகளை மட்டும் பெற்றவர்களில் அப்படி இருந்தவர்கள் 31 விழுக்காட்டினரே. நோயின் அறிகுறிகள் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீடு கிடைத்ததும் அண்ணனின் காதில் கேட்கும் குரல்கள் நின்றுவிடவில்லை, இனியும் நிற்கும் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் குரல்கள் கேட்கும்போதும் கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு, தம் கட்டிலில் உட்கார்ந்திருக்க அவரால் முடிகிறது. நோய் முழுதும் தீர்ந்தால்தான் வீடு என்று சொல்லியிருந்தால், அவர் வாழ்நாள் முழுவதும் காத்திருக்க நேர்ந்திருக்கும்.

அந்தச் செவிலியருக்கும், வாடகை உதவிக்கான படிவங்களைச் சலிக்காமல் நிரப்பித் தந்த சமூகப் பணியாளருக்கும், நள்ளிரவில் தொலைபேசியை எடுத்த நண்பர்களுக்கும், மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்துக் கொடுத்த மருந்தாளுநருக்கும், எதையும் துருவிக் கேட்காமல் வழக்கம்போல் அண்ணனை நலம் விசாரித்த அடுத்த வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களில் யாரையேனும் குறிப்பிட விட்டிருந்தால், மனக்களைப்பால் விட்டது என்று கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் வீட்டு மாடியில் ஒரு பகுதி நெடுநாளாகக் காலியாக இருக்கிறது. மனநோயோடு வாழ்கிற, வீடு கிடைக்காமல் தவிக்கிற ஒருவருக்கு அதை வாடகைக்குத் தருவதென்று குடும்பமாகக் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறோம். அவர் எத்தனை முறை மருத்துவமனைக்குப் போய்வர நேர்ந்தாலும் அந்த இடம் அவருடையதாகவே இருக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட விரும்புகிறோம். வாடகை நின்றுபோகும் மாதங்களை எப்படிச் சமாளிப்பது, அக்கம்பக்கத்தாரின் கேள்விகளுக்கு என்ன பதில் சொல்வது என்பதையெல்லாம் உங்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அம்மா. அடுத்த வாரம் உங்களுக்கு வசதிப்படும் ஒரு நாளில் வருகிறேன்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
அவருடைய தங்கை