12 மீட்டர் கம்பி

அன்பு மகன் இசக்கிமுத்துவுக்கு, அம்மா எழுதுவது.

பேட்டைக் கட்டட வேலைக்கு 5 மீட்டரில் 10 துண்டும், மூன்றரை மீட்டரில் 20 துண்டும் கேட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பையன் அளவு வாரியாகத் தனித்தனியே வெட்டப் போனான். அப்படி வெட்டினால் ஐந்துக்கு 5 கம்பி, மூன்றரைக்கு 7 கம்பி என 12 கம்பி பிடிக்கும். ஒவ்வொரு 12 மீட்டர் கம்பியிலும் ஓர் ஐந்தும் இரண்டு மூன்றரையும் எடுக்கச் சொன்னேன். 10 கம்பியோடு, துண்டு மிஞ்சாமல் வேலை முடிந்தது. மர அறுப்பாக இருந்தால் ரம்பம் தின்னும் அளவையும் சேர்க்க வேண்டும் என்று நீ சொன்னதும் நினைவிருக்கிறது. உன் பெரியப்பா இருந்து இதைப் பார்த்திருக்க வேண்டும்.

பொங்கலுக்கு வந்தபோது உன் புத்தகங்களையெல்லாம் மாடி அறையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். தேவையென்றால் பார்சலில் அனுப்புகிறேன். உன் ஆய்வு நெறியாளரை நான் விசாரித்ததாகச் சொல்.

லெனின்கிராட் ஒட்டுப்பலகைக்காரர்கள் இயந்திரங்களுக்கு மரத்தைப் பங்கிடக் கேட்ட கணக்கிலிருந்து புறப்பட்டு, காண்டரோவிச் என்ற சோவியத் கணித அறிஞர் 1939இல் வெட்டுக் கணக்கையும் சேர்த்து எழுதினார் என்றும், பல ஆண்டுகள் அதைக் கவனித்தவர்கள் குறைவு என்றும், 1975இல்தான் நோபல் பரிசு வந்தது என்றும் எனக்குச் சொன்னவன் நீதான். அவசரப்படாதே ஐயா. 1961இல் கில்மோர், கோமரி என்ற இரண்டு கணித அறிஞர்கள் வெட்டுக் கணக்குக்குச் செய்த வழியைக்கூட எனக்குப் புரியும்படி சொன்னாயே: வெட்டு முறைகள் கோடிக்கணக்கில் இருந்தாலும் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு விலை வைத்து, ஒரு கம்பிக்குள் அதிக விலை பெறும் வெட்டைத் தேடிச் சேர்த்து, விலையை மாற்றி மறுபடி தேட வேண்டும், கம்பியின் விலையைத் தாண்டும் வெட்டு கிடைக்காதபோது நிறுத்தலாம். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இதைப் புரியவைத்த பிள்ளை என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளை இப்போது போனில், "சாப்பிட்டேன்" என்ற ஒரு சொல்லோடு வைத்துவிடுகிறான். அக்கா மகள் காதுகுத்துக்கும் வரவில்லை.

முதல் கம்பியில் மிச்சம் இல்லை என்பதற்காக அந்த வெட்டையே பிடித்துக்கொண்டால், கடைசியில் ஒன்றோடொன்று சேராத துண்டுகளே பாக்கி நிற்கலாம். பட்டியல் முழுவதையும் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். அவசரப்படாதே.

மேலப்பாளையம் வேலைக்கு ஏழு அளவுகள் வந்திருக்கின்றன. இத்தனை அளவுக்கு எனக்குக் கை வராது. பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வியாழக்கிழமை வெட்ட வேண்டும். அதற்கு முன்னால் வெட்டு முறையைப் போட்டு, போனிலேயே ஒவ்வொன்றாகச் சொல், நான் எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா