1870க்கு முன்னால் பெயர் கிடையாது

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கர்கள் தங்கள் முன்னோரைத் தேடுவது பற்றிச் சென்ற ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். கணினி முன் உட்கார்ந்தால் ஒரே மாலையில் ஏழு தலைமுறை கிடைத்துவிடும் என்று அதில் எழுதியிருந்தது. வெள்ளைக்காரக் குடும்பங்கள் சிலவற்றுக்கு அது நடக்கலாம். என் மருமகளின் குடும்பத்துக்கு நடக்காது. அவள் கறுப்பினத்தவள். பூர்வீகம் மிசிசிப்பி மாநிலத்து நாச்செஸ் நகரம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். மகன் வீட்டில் தங்கியிருந்த மாதங்களில், மாமியாரும் மருமகளுமாக அவளுடைய பாட்டனாருக்குப் பாட்டனாரைத் தேடினோம். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கு எடுக்கிறார்கள். 1850 முதல், அடிமையல்லாத ஒவ்வொருவரின் பெயரும் அதில் ஏறியது. அடிமைகளுக்குத் தனிப் படிவம். மேலே எஜமானரின் பெயர்; கீழே வரிசையாக வயது, ஆணா பெண்ணா, நிறம் என்ன என்ற விவரம். பெரும்பாலும் அவ்வளவுதான், பெயர் கிடையாது. 1860இல் அப்படிக் கணக்கில் வந்தவர்கள் ஏறக்குறைய 40 லட்சம் பேர். உள்நாட்டுப் போர் முடிந்து, 1865இல் அடிமை முறை ஒழிந்து, 1870 கணக்கில்தான் அவர்கள் பெயரோடு வருகிறார்கள். கறுப்பினக் குடும்பங்களின் தேடல் வந்து முட்டி நிற்பது அங்கேதான். ‘1870 சுவர்’ என்றே அதைச் சொல்கிறார்கள்.

எங்கள் கையில் முதலில் இருந்தது, மருமகளின் அத்தை காத்து வைத்திருந்த குடும்ப பைபிள். பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் பிறப்பு, திருமணம், இறப்பு எழுதுவதற்கென்று பக்கங்கள் இருந்தன. முதல் ஏழெட்டுப் பிறப்புகள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தன. அவ்வப்போது எழுதியிருந்தால் மை மாறியிருக்கும், எழுத்தின் சாய்வாவது மாறியிருக்கும். படிக்கப் போன பிள்ளை ஒன்று, பெரியவர்கள் சொல்லச் சொல்ல ஒரே இருப்பில் எழுதிய பக்கம் அது. நாங்கள் தேடிய பெரியவர் பிறந்த ஆண்டு 1846 என்று அதில் இருந்தது. 1870 கணக்கிலோ அவருக்கு வயது 28, 1880இல் 35. மருமகள் குழம்பிப்போனாள். எனக்கு அதில் வியப்பில்லை. கணக்கெடுப்பவர் வந்த நேரத்தில் வாசலில் நின்றவர் சொன்ன வயதுதானே ஏறும்? மனைவி, பிள்ளைகளின் பெயர்கள் பைபிளோடு ஒத்துப்போயின. ஆள் அவர்தான்.

சுவரைத் தாண்ட வழிவிட்டது பென்ஷன் கோப்பு. உள்நாட்டுப் போரில், அடிமை முறையை விடாத தென் மாநிலங்களை எதிர்த்துப் போரிட்ட வடக்குப் படை 1863இல் நாச்செஸைப் பிடித்ததும், தோட்டங்களிலிருந்து ஓடிவந்த பலர் கறுப்பினப் படைப்பிரிவுகளில் சேர்ந்தார்கள். அவரும் சேர்ந்தார். அந்தப் போரில் வடக்குக்காகத் துப்பாக்கி ஏந்திய கறுப்பினத்தவர் சுமார் 1,79,000 பேர். அவர் இறந்த பிறகு மனைவி பென்ஷன் கேட்டிருக்கிறார். திருமணச் சான்று இல்லை. ஆகவே அக்கம்பக்கத்து முதியவர்கள் வந்து சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்தார்கள். எத்தனை காலப் பழக்கம், எப்படித் தெரியும் என்று விசாரணை அதிகாரி விடாமல் துருவியிருக்கிறார். அந்த ஏழைகளுக்கு அது எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும்! ஆனால் அவர் துருவியதால்தான் எங்களுக்கு விடை கிடைத்தது. வர்ஜீனியாவில் அடிமை வியாபாரி வாங்கிய கூட்டத்தில் தானும், அப்போது பையனாக இருந்த எங்கள் பெரியவரும், அவர் தாயும் ஒன்றாக வந்ததாக ஒரு முதியவர் சொல்கிறார். தகப்பன் அங்கேயே விடப்பட்டாராம். வாங்கிய தோட்டக்காரரின் பெயரையும் சொல்கிறார். வாக்குமூலத்தின் அடியில், நம் பழைய பத்திரங்களில் வரும் தற்குறிக் கீறலைப் போல, முதற்பெயருக்கும் குடும்பப்பெயருக்கும் நடுவே ஒரு பெருக்கல் குறி.

தோட்டக்காரரின் பெயர் தெரிந்ததும் நீதிமன்ற ஆவணங்களுக்குப் போனோம். அவர் 1857இல் இறந்திருந்தார். சொத்தைப் பிரிக்க எடுத்த பட்டியல் இருந்தது. கோவேறு கழுதைகள், கலப்பைகள், பருத்தி அரவை இயந்திரம், அதற்கடுத்து மனிதர்கள். பெயர், வயது, எதிரே விலை. பதினோரு வயதுப் பையன், 700 டாலர். அதற்கு மேல் வரியில் அவன் தாய். என் பணிக்காலத்தில் எத்தனையோ சொத்து விவரங்களைச் சரிபார்த்து முத்திரை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தை மருமகளுக்கு வாசித்துக் காட்ட எனக்கு நா எழவில்லை. அவளே வாசித்தாள். அந்தத் தாயின் பெயர் அவர்கள் குடும்பத்துக்குத் தெரியவந்தது அன்றுதான்.

ஒரு பத்திரிகைக்கு எழுதும்போது இன்னொரு பத்திரிகையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட் என்ற மெத்தடிஸ்ட் இதழ், விற்றுப் பிரிக்கப்பட்ட உறவுகளைத் தேடுவோரின் கடிதங்களுக்கென்றே 1870களின் கடைசியிலிருந்து ஒரு பகுதி ஒதுக்கியிருந்தது. சந்தாதாரருக்கு இலவசம், மற்றவருக்கு 50 சென்ட். ஆராதனையில் போதகர்கள் அதை வாசிக்க வேண்டும் என்ற வேண்டுகோளும் உடன் இருக்கும். இன்ன ஊரில், இன்னாரிடம் இருந்தோம். என் தாயை இன்னாருக்கு விற்றார்கள். தம்பிக்கு அப்போது இத்தனை வயது என்று ஆசிரியரை விளித்து எழுதியிருக்கிறார்கள். விடுதலைக்கு இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் பெரியவரின் கடிதம் எதுவும் அதில் அகப்படவில்லை. ஆனாலும் அந்தப் பத்திகளை மருமகள் வரி விடாமல் படித்தாள்.

கட்டுரை சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. இத்தனையும் தாளில்தான் கிடக்கிறது. விடுதலை பெற்றவர்களுக்காக அமெரிக்க அரசு 1865 முதல் 1872 வரை நடத்திய துறையின் கூலி ஒப்பந்தங்கள், திருமணப் பதிவுகள், புகார் மனுக்கள் எல்லாம் படமெடுத்து இணையத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கூட்டெழுத்தைப் படித்து, தட்டச்சில் ஏற்றினால்தான் பெயரைத் தேடி எடுக்க முடியும். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனம் இதற்குத் தன்னார்வலர்களைச் சேர்க்கிறது. எந்த நாட்டிலிருந்தும் செய்யலாம். ஒருவர் பெயர்த்து எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பார்.

பதிவுத்துறையிலும் வருவாய்த்துறையிலும் நீதிமன்றங்களிலும் பழைய ஆங்கிலக் கையெழுத்தோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்றவர்கள் நம்மிடையே ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். பிள்ளைகளோடு இருக்க அமெரிக்கா போய், பகல் முழுவதும் பொழுது போகாமல் உட்கார்ந்திருப்பவர்களும் நம்மில் பலர். நான் பாளையங்கோட்டைக்குத் திரும்பிய பிறகும் காலையில் இரண்டு பக்கமாவது செய்கிறேன். அடுத்த ஞாயிறு மலரில் இதைப் பற்றி நான்கு வரி போடுங்கள். எப்படிச் சேர்வது என்று கேட்பவர்களுக்கு என் முகவரியைக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவுத்துறை ஊழியர்,
பாளையங்கோட்டை.