பத்தொன்பது ரசீதுகள்

அப்பா எதையோ மறைத்தார் என்று சொல்லிக் கம்பெனி தர மறுத்த அவருடைய இன்சூரன்ஸ் பணம் நேற்று மதியம் வந்துவிட்டது. அம்மா அந்த மெசேஜை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அப்பா படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தவர்தான், விளக்கு வைக்கும் நேரம் வரை எழவில்லை. இந்த எட்டு மாதம் நாங்கள் பட்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த சித்தப்பா, கேட்டபோதெல்லாம் லீவு கொடுத்த மேனேஜர், விசாரணை அன்று அம்மாவோடு வந்த எதிர்வீட்டு அக்கா, எல்லோருக்கும்.

எங்கள் எம்.எல்.ஏ. சாரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அரசியலுக்கு வருமுன் இருபது வருஷத்துக்கு மேல் இன்சூரன்ஸில் இருந்தவர், கிளை மேலாளராகி அப்புறம் கிளெய்ம் பிரிவைப் பார்த்தவர். நான் சிபாரிசுக் கடிதம் கேட்கத்தான் போனேன். "கடிதம் இருக்கட்டும், பிரீமியம் கட்டின ரசீதெல்லாம் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அன்று ராத்திரி வீட்டுக்கே வந்து, தரையில் உட்கார்ந்து, அம்மாவின் பிஸ்கட் டப்பாவைத் திறந்து, மூன்று மாதத்துக்கு ஒன்றாக இருந்த பத்தொன்பது ரசீதையும் வரிசையாக அடுக்கினார். ஒன்றில் மட்டும் தவணைத் தேதி தாண்டி 26 நாள் கழித்துக் கட்டியிருந்தது. அதை விரல்விட்டு இரண்டு தடவை எண்ணினார். "தேதி தாண்டினாலும் கட்டுறதுக்கு அவகாசம், கிரேஸ் பீரியட், 30 நாள்மா. பாலிசி ஒரு நாள்கூடக் காலாவதி ஆகல."

அப்புறம்தான் விளக்கினார். 1938-ஆம் வருடத்துக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பிறகு, மூன்று வருடம் முடிந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க விடுவதில்லை. ஆனால் நடுவில் காலாவதியாகிப் புதுப்பித்திருந்தால் புதுப்பித்த நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டும். அதற்காகத்தான் அந்த ரசீதுகள். கூட வந்தவர் கம்பெனிக்குப் போன் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனு எழுதினார். அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் கூடாது, அம்மாவே பேசலாம் என்றார். அம்மாதான் பேசினார்.

கிளம்பும்போது அந்த நிராகரிப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்படி எழுதின கடிதத்துல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்மா" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அவர் ஏன் வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்றார் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை.

இன்சூரன்ஸ் சட்டம் மத்திய அரசின் கையில் இருப்பது. சட்டமன்றத்தில் உட்கார்ந்து அதில் ஒரு வரியைக்கூட அவரால் மாற்ற முடியாது. ஆனால் அந்த வரி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், அதை எங்களுக்கும் காட்டினார். அப்பா எதையோ மறைத்தார் என்று எழுதிய கடிதத்தை எட்டு மாதம் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்த அம்மாவுக்கு அது என்னவாக இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சார், கைம்மாறு என்று எதுவும் உங்களிடம் சொல்லப் போவதில்லை. அடுத்த தெரு அக்கா ஒருவருக்கும் இதேபோல் கடிதம் வந்திருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், ரசீதுகளோடு.